பிலாத்துவுக்கு மாமாவின் முகம் வைத்த அம்மா

கேள்வி: மறைந்த உங்கள் அம்மாவைப் பற்றி, வெளியே பலருக்கும் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்ல முடியுமா?

எங்கள் அம்மா ஓவியர். அதுதான் அந்த விஷயம்.

யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் அம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வேறு ஆள். காலைப் பூசைக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற ரீச்சர், மரியாயின் சேனையில் இருந்தவர், பெரிய வெள்ளிக்கு, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கிறவர். 2019இல் அம்மா போன பிறகு, 31ஆம் நாள் நினைவு மலருக்கு அச்சகத்திலிருந்து ஒரு மாதிரி அனுப்பினார்கள். பக்தியின் சிகரம், பண்பின் உறைவிடம் என்று அடுக்கிக்கொண்டே போகும். பெயரை மட்டும் மாற்றினால் யாழ்ப்பாணத்தில் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். கனடாவிலிருந்து அண்ணா, "நல்லாத்தானே எழுதியிருக்கினம்" என்றார். எனக்கு அது இறங்கவே இல்லை. எட்டுப் பக்கத்தில் ஒரு தூரிகைகூட இல்லை.

அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது சித்திரம்தான். ஆனால் அவருடைய உண்மையான வேலை எங்கள் விறாந்தையில் நடந்தது. திருநாளுக்குக் கொடி ஏறுவதற்கு முன் கோயில் சொரூபங்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். விரல் உடைந்த சூசையப்பர், மூக்குத் தேய்ந்த அந்தோனியார், இறக்கை போன சம்மனசு. பிளாஸ்டர் ஒவ் பரிஸைக் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும், அதற்குள் விரலைப் பிடித்து முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது தேத்தண்ணி கேட்டால் தொலைந்தார்கள்.

கண்ணை எப்போதும் கடைசியாகத்தான் வரைவார். அதற்கு முன் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வார், அப்புறம் எங்கள் எல்லாரையும் வெளியே துரத்திவிட்டுக் கதவைச் சாத்துவார். "சைவக் கோயில் ஆசாரிமாரும் கண்ணைக் கடைசியாத்தான் திறப்பினம். ஆர் சொல்லிக் குடுத்தாலென்ன, சரியான முறை அதுதான்" என்பது அவர் கட்சி. இதை ஒருமுறை பங்குக் குருவான சுவாமியிடமே சொல்ல, அவர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டுப் போனார்.

சுவாமியோடு பிடித்த பெரிய சண்டை நிறத்தைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாதா சொரூபம் ரோஸ் நிறம். அம்மா வெள்ளையோடு காவியும் துளி சிவப்பும் கலந்து, நம் ஊர்ப் பெண்ணின் நிறத்தைப் பூசிவிட்டார். பங்குச்சபை கொதித்தது. "ரீச்சர், மாதாவைக் கறுப்பாக்கிப் போட்டீங்கள் எண்டு சனம் கதைக்குது" என்று சுவாமி வந்து நின்றார். அம்மா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "நாசரேத்தூரில வெயிலுக்குள்ள தண்ணி அள்ளின மனிசி, சுவாமி. வெள்ளையா இருந்தாத்தான் பிழை." கடைசியில் சமரசமாக ஒரு படி வெளுப்பாக்கிக் கொடுத்தார். ஆனால் திருநாள் பவனிக்கு அலங்காரக் கூட்டிலே ஏற்றியபோது இரவு வெளிச்சத்தில் அது பழையபடிதான் தெரிந்தது. அதையும் கணக்குப் பண்ணித்தான் கலந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்தியான பெண் என்றாலே அடக்கமான பெண் என்று நம் ஆட்கள் முடிவுகட்டி விடுகிறார்கள். அம்மாவுக்குப் பக்தி முழுதாக இருந்தது, அடக்கம் பாதிகூட இல்லை. செபமாலை சொல்லும்போதும் கண் பீடத்தில் எந்த மூலையில் பெயின்ற் உரிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் அலைந்த காலம். பெயின்ற்றை யார் நினைப்பார்? அந்தத் தடைக்காலத்தில்தான் அம்மா தன் ஆகப்பெரிய வேலையைச் செய்தார்: கோயிலுக்குச் சிலுவைப்பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்த கதையைச் சொல்லும் 14 நிலைகள், எல்லாம் தேயிலைப் பெட்டிப் பலகையில். நீலத்துக்கு வெள்ளை உடுப்புக்குப் போடுகிற நீலம். கறுப்புக்குச் சிரட்டைக் கரி. சிவப்புக்குச் செங்கல்லை இடித்து, சேலைத் துணியில் சலித்த தூள். பசைக்கு வேப்பம்பிசின். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. மஞ்சளை வெளுப்பாக்கலாம் என்று மஞ்சள் தூளில் அந்தச் சுண்ணாம்பைச் சேர்த்தபோது அது சிவந்துபோனது. ஆரத்தித் தட்டில் எத்தனை தரம் பார்த்தது! அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, இது ஆண்டவற்ற மேலாடை" என்று அந்தக் கலவையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

முகங்கள்தான் இன்னும் சுவை. எல்லாம் எங்கள் ஊர் முகங்கள். ஆறாம் நிலையில் முகம் துடைக்கிற வெரோனிக்கா, சந்தையில் மீன் விற்ற ஒரு அக்கா. எட்டாம் நிலையில் அழுகிற எருசலேம் பெண்களில் பாதிப்பேர் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள். முதலாம் நிலையில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற பிலாத்துவுக்கு, அம்மாவிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராத மாமா ஒருவரின் முகம். மாமாவே அதன் முன்னால் முழங்காலில் நின்று, "நல்ல வடிவா வந்திருக்கு தங்கச்சி" என்றார். தன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கோயில் முழுக்கத் தெரிந்தது.

1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா தூரிகையைத் தொடவில்லை. ஏனென்று கேட்டபோது பதில் சொல்லவில்லை, நானும் இங்கே ஊகித்து எழுதப் போவதில்லை. அந்த ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, எல்லாரையும் போல நாங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோம். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அடி அடியாகத்தான் நகர்ந்தது. அம்மாவின் பையில் கலியாண அல்பம் இல்லை, தொடாமல் வைத்திருந்த தூரிகைகள் இருந்தன. அப்பா அதற்காக வருடக்கணக்காகக் குறை சொன்னார்.

அந்த நடையில் எங்களுக்கு மடு மாதாவின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல் மாந்தையிலிருந்து குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சொரூபம் அது. "மாதாவும் இடம்பெயர்ந்தவதான்" என்றார். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி, அதே சொரூபத்தை மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன செய்தி வந்தபோது அம்மா அழவில்லை. "வண்டில் குலுங்கியிருக்கும். ஆர் பிடிச்சுக்கொண்டு போனது?" என்றுதான் கேட்டார். சொரூபம் திருத்துகிறவருக்கு வரும் கவலை அதுதான் போல.

1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது பலகைகளில் சில இல்லை, சிலவற்றைக் கறையான் தின்றிருந்தது. இப்போது மிஞ்சியது 9. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, ஆகவே தலையைச் சுற்றிய ஒளிவட்டங்கள் எல்லாம் வெளுத்துப் போய்விட்டன. நீலம் மட்டும் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. குருநகர் ஓவியர் மாற்கு (1933–2000) பற்றி இன்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். நல்ல விஷயம். அம்மாவுக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு. ஆனால் தன்னை ஓவியர் என்று யாராவது சொன்னால், "நான் கோயில் வேலை செய்யிறனான்" என்று பேச்சை மாற்றிவிடுவார். எந்தப் பலகையிலும் கையெழுத்து இல்லை. அப்படிக் கையெழுத்துப் போடாத பெண்கள் இங்கே ஒவ்வொரு பங்கிலும் இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

நினைவு மலர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அச்சகத்தின் பாட்டுகளை எடுத்துவிட்டு, மிஞ்சிய 9 நிலைகளையும் படமெடுத்துப் போட்டேன். யார் முகம் எது என்று கீழே குறிப்பும் எழுதினேன், பிலாத்துவைத் தவிர. மாமாவின் பிள்ளைகள் பூசைக்கு வந்திருந்தார்கள். ஐந்தாம் நிலையில் சிலுவைக்குத் தோள் கொடுக்கிற சீரேனே ஊர் சீமோன் யாரென்று அம்மா கடைசிவரை எனக்கும் சொல்லவில்லை. மலர் வெளிவந்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள், அது தங்கள் அப்பாதான் என்று உரிமை கொண்டாடுகின்றன.