ஃபோர்க்ல ஆயில் ஒழுகுதா? வீட்டுலயே பிரிக்கலாம்

கேள்வி: சார், என்கிட்ட இருக்கிறது பழைய பல்சர் 150. டிஸ்க் பிரேக் பக்கத்து ஃபோர்க்ல, அதாவது முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கால்ல, ஆயில் கசிஞ்சு அந்தக் கால் முழுக்க வழியுது. ரெண்டு ஃபோர்க்கையும் செட்டா மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. ஸ்பேனர் செட் இருக்கு, நானே பிரிச்சு சீல் மாத்தலாமா?
- ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: மாத்தலாம் தம்பி, ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. டஸ்ட் சீலை, அதாவது தூசி போகாம மேல இருக்கிற ரப்பரை, மேல தூக்கிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தா அதுல ஒரு துண்டு வெட்டி, நுனியில சின்னதா கொக்கி மாதிரி பண்ணி, அதுக்கு அடியில ஆயிலைத் தடுக்கிற ஆயில் சீலுக்கும் உள்ள போற குரோம் பைப்புக்கும் நடுவுல விட்டு ஒரு சுத்து சுத்தி எடுங்க, உள்ள மாட்டியிருக்கிற மண்ணு கருப்பா அதோடவே வரும். பாதி வண்டிக்கு இதுலயே கசிவு நின்னுடும். நிக்கலைன்னா பிரிச்சுத்தான் ஆகணும். பிரேக் பேட்ல ஆயில் பட்டிருந்தா அதையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க, பெட்ரோல் விட்டு கழுவி திரும்ப மாட்டுற வேலையெல்லாம் வேணாம், பிரேக் விஷயம்.

கழட்டும்போது வரிசை முக்கியம். எல்லாரும் ஃபோர்க்கை வெளிய எடுத்து வச்சுட்டு அப்புறம் மேல் போல்ட்டோட மல்லு கட்டுவாங்க, பிடிக்க ஒரு இடம் இருக்காது, வைஸ்ல வச்சு நெரிச்சா பைப்பு போச்சு. வண்டியில இருக்கும்போதே மேல் டீ-யோட (ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற பிளேட்டுக்குத்தான் டீ-ன்னு பேரு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருக்கும்) பைப்பை இறுக்கிப் பிடிக்கிற பின்ச் போல்ட்டை முதல்ல லூஸ் பண்ணுங்க, ஏன்னா அது இறுக்கிப் பிடிச்சிருந்தா மேல் போல்ட்டோட மறையும் சேர்ந்து நெரியும், கீழ் டீ பிடிச்சிருக்கட்டும், இப்ப பைப்போட வாயை மூடியிருக்கிற மேல் போல்ட்டை அரை சுத்து மட்டும் விடுங்க. முழுசா கழட்டிடாதீங்க, உள்ள ஸ்பிரிங் அமுங்கி உக்காந்திருக்கு, மூஞ்சிக்கு நேரா வரும். கடைசியில கழட்டும்போதும் மேல துணி போட்டு உள்ளங்கையால அமுக்கிக்கிட்டு, முகத்தை ஒதுக்கி வச்சுக்கிட்டு கழட்டுங்க.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு இன்ஜினுக்கு அடியில கட்டை குடுங்க, சைலன்சர் பைப்புக்கு அடியில குடுக்காதீங்க. வீட்டுல ஊஞ்சல் கொக்கி இருந்தா ஃப்ரேமோட கழுத்துல கயிறு போட்டுக் கட்டிக்கிட்டா இன்னும் நிம்மதி. பிரேக் பேட் இருக்கிற காலிப்பரை அதோட ஹோஸ்ல தொங்க விடாம ஒரு கம்பியில கட்டுங்க, அது வெளிய இருக்கும்போது பிரேக் லீவரை யாரும் அமுக்காம பாத்துக்குங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அவங்க கை நேரா அங்கதான் போகும்.

ஃபோர்க்கோட கீழ்ப் பாதியான பாட்டம் கேஸுக்கு அடியில இருக்கிற ஆலன் போல்ட்டுதான் பெரிய தலைவலி. திருப்புனா உள்ள இருக்கிற டேம்பர் ராடும் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற ஓட்டை போட்ட கம்பி) சேர்ந்தே சுத்தும், போல்ட் வராது. அதனால ஸ்பிரிங்கும் மேல் போல்ட்டும் உள்ள இருக்கும்போதே, ஃபோர்க்கை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு திருப்புங்க, ஸ்பிரிங் ராடை அழுத்திப் பிடிச்சுக்கும். அப்பவும் சுத்துச்சுன்னா டயர் கடையில இம்பாக்ட் கன் இருக்கும், ரெண்டு செகண்ட் வேலை. திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதுசு போடுங்க, இல்லேன்னா சீல் புதுசா இருந்தும் கீழ் வழியா ஒழுகும்.

இப்ப பைப்பைப் பாருங்க. நகத்தை வச்சு மேலயும் கீழயும் இழுங்க, எங்கயாவது நகம் தட்டுச்சுன்னா அதுதான் சீலைக் கிழிச்ச எடம். மெல்லிசான கீறல்னா 2000 நம்பர் எமரி பேப்பரை ஆயில்ல நனைச்சு தேச்சு விடலாம். துரு குழியா விழுந்திருந்தா எத்தனை சீல் போட்டாலும் கிழியும், பைப்பு மாத்தணும் இல்லேன்னா ஹார்ட் குரோம், அதாவது மேல புதுசா கெட்டி குரோம் பூச்சு, பண்ணணும். கண்ணாடி மேல பைப்பை உருட்டிப் பாருங்க, வளைஞ்சிருந்தா அடியில வெளிச்சம் ஏறி இறங்கும். இதெல்லாம் பாக்காமலே செட்டா மாத்தணும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா சீலை மட்டும் ரெண்டு பக்கமும் மாத்திடுங்க, ஒண்ணு போனா அடுத்தது ரொம்ப நாள் தாங்காது.

புது சீலை இறக்கும்போது பைப்பு நுனியில பிளாஸ்டிக் கவரைச் சுத்தி ஃபோர்க் ஆயில் தடவிக்குங்க, அந்த விளிம்புதான் சீலோட உதட்டை வெட்டுறது. எழுத்து இருக்கிற பக்கம் மேல. அடிச்சு உக்கார வைக்க ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் எடுக்காதீங்க, பழைய சீலை மேல வச்சு, பைப்பு உள்ள போற அளவு பிவிசி பைப்புல தட்டுனா நேரா இறங்கும், சீல் வெளிய வராம பிடிக்கிற கம்பி லாக் போடுற பள்ளம் முழுசா தெரியுற வரைக்கும் தட்டணும்.

கேள்வி: ஃபோர்க் ஆயில் எங்க ஊர்ல கிடைக்கல, இன்ஜின் ஆயிலே ஊத்தலாம்ங்கிறாங்களே?
- ஸ்ப்ளெண்டர் வாசகி, அரியலூர்

பதில்: ஊத்துனா ஓடும்மா, ஆனா 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் ரொம்ப கெட்டி, டேம்பர் ராடுல இருக்கிற சின்ன ஓட்டை வழியா சீக்கிரம் போகாது, ஒவ்வொரு குழியும் மணிக்கட்டுல தெரியும். நம்ம தினசரி ஓட்டுற கம்யூட்டர் வண்டிங்களுக்கு 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில்தான் பெரும்பாலும் சரி, நுரை கட்டாம இருக்க அதுல மருந்து சேர்த்திருப்பாங்க. கிடைக்கவே இல்லேன்னா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஆயில்) ஊத்துங்க, பழைய ஹோண்டா மானுவல்லயே அதைப் போடச் சொல்லியிருக்கு. எத்தனை மில்லின்னு உங்க வண்டி மானுவல்ல பாத்து, மருந்து அளக்கிற மூடியோ சிரிஞ்சோ வச்சு ரெண்டு காலுக்கும் ஒரே அளவு ஊத்துங்க. ஒழுகுன காலுல வந்த பழைய ஆயிலை அளந்து அதே அளவு ஊத்துறவங்க இருக்காங்க, அது ஏற்கனவே குறைஞ்ச ஆயில்தானே!

கேள்வி: சீல் மாத்துனதுக்கப்புறம் முன்பக்கம் கட்டை மாதிரி இருக்கு, அமுங்கவே மாட்டேங்குது.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஆயில் அதிகமா ஊத்தியிருக்கலாம், ஆனா முதல்ல ஆக்ஸிலை, அதாவது சக்கரத்து நடுவுல போற அச்சுக் கம்பியை, பாருங்க. வீல் மாட்டி எல்லாத்தையும் ஒரே மூச்சுல இறுக்கியிருப்பீங்க, ரெண்டு காலும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும். ஆக்ஸில் நட்டையும் மட்கார்டு போல்ட்டையும் லூஸ் பண்ணிட்டு, வண்டியை ஸ்டாண்ட்லேர்ந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சாறு தடவை நல்லா அமுக்குங்க, கால் ரெண்டும் தானா நேராயிடும், அப்புறம் இறுக்குங்க. மேல பைப்பு ரெண்டும் டீ-யில ஒரே உயரத்துல நிக்குதான்னும் பாருங்க.

கேள்வி: டியூக் 200 ஃபோர்க்கை இதே மாதிரி பிரிக்கலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: வேணாம். அது தலைகீழ் ஃபோர்க், தடிச்ச பாதி மேலயும் குரோம் பைப்பு கீழயும் இருக்கும், டபிள்யூபி கம்பெனியோட 43 மில்லிமீட்டர் ஐட்டம், தனி டூல் கேக்கும். கழட்டி எடுத்து, பிரிக்காம அப்படியே தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, கூலியில பாதி மிச்சம்.