"மாமியார் கல்லறை" சரியான இடம்தான்

சீனாவின் ஹாங்சோ நகரில், சோங் அரசமரபுக் காலத்துத் தளபதி யுவே ஃபெய் கல்லறையைச் சுற்றிப் பார்த்தும் அவர் தாயாரின் சமாதி தென்படவில்லை, மொழிபெயர்ப்புச் செயலியோ "மாமியார் கல்லறை" என்று ஜியுஜியாங் நகரைக் காட்டுகிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். செயலி காட்டும் ஊர் சரிதான்.

சீனத்தில் "யுவே மூ" என்றால் மனைவியின் தாய். யுவே ஃபெயின் குடும்பப் பெயரும் அதே எழுத்து என்பதால், "யுவேயின் அம்மா" என்று எழுதினாலும் அதே இரண்டு எழுத்துதான் வரும். செயலிக்கு எங்கே தெரியப்போகிறது!

ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் யுவே ஃபெயும் மகன் யுவே யுன்னும்தான் இருக்கிறார்கள். தாயார் யாவ் அம்மையார் இறந்தது 1136இல், அதாவது மகன் கொல்லப்படுவதற்கு ஆறு வருடம் முன்பு. சொந்த ஊரான தாங்யின் அப்போது வடக்கிலிருந்து படையெடுத்த ஜின் அரசின் பிடியில் இருந்தது. அதனால் ஜியுஜியாங் இருக்கும் ஜியாங்ஷி மாகாணத்தில், லூஷான் மலைப் பக்கம் அடக்கம் செய்தார்கள். யுவே ஃபெய் படைப் பொறுப்பை விட்டுவிட்டு அங்கே துக்கம் காக்க உட்கார்ந்துவிட்டார். பேரரசர் திரும்பத் திரும்ப ஆணை அனுப்பித்தான் கிளப்ப முடிந்தது. அவர் மனைவியின் சமாதியும் ஜியுஜியாங் பக்கம்தான்.

அப்புறம், முதுகில் தாய் பச்சை குத்திய கதையை அங்கே நிச்சயம் கேட்பீர்கள். கொல்லப்படுவதற்கு முன் நடந்த விசாரணையில் யுவே ஃபெய் சட்டையைக் கிழித்து முதுகிலிருந்த நான்கு எழுத்துகளைக் காட்டியதாக "சோங் வரலாறு" என்ற அரசமரபு வரலாற்று நூல் சொல்கிறது. குத்தியது அம்மா என்பது பிற்காலக் கதை.

ஓட்டுநரிடம் வாயால் சொல்லாதீர்கள், "யுவே ஃபெய்" என்ற முழுப் பெயரையும் சேர்த்து எழுதிக் காட்டுங்கள்.