பொலன்னறுவை அரண்மனைக்குப் போகிறீர்களா? கேட்டவற்றுக்கு என் பதில்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து பொலன்னறுவை போக யோசிப்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அண்ணே, பராக்கிரமபாகு அரண்மனையில் வெறும் சுவர்தானாமே, அவ்வளவு தூரம் போகப் பிரயோசனம் இருக்கா?

கட்டாயம் போங்கள் தம்பி. சுவர்தான், ஆனால் மூன்று மீற்றர் அளவு தடித்த செங்கல் சுவர், 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் கட்டியது. ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது, இன்று மூன்று மாடி உயரம் மிஞ்சியிருக்கிறது. உள்ளே நின்று நிமிர்ந்து பாருங்கள், வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். மேல்மாடித் தளத்துக்கு மர உத்தரம் செருகிய இடங்கள் அவை. மரமெல்லாம் எரிந்துபோனது, அந்தச் சூட்டில் செங்கல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிய இடங்களும் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். 1215இல் இந்த நகரைப் பிடித்த கலிங்க மாகனையும் நம் கோயில் வரலாறுகளில் வரும் மாகோனையும் ஒருவராகவே பலர் கொள்கிறார்கள், அதனால் நமக்கு இது பிற ஊர்க் கதை இல்லை.

கேள்வி (கல்லடி): பஸ்ஸா, ரயிலா?

பஸ். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர்தான். ரயில் ஸ்டேஷன் கதுருவெலவில் இருக்கிறது, அங்கிருந்து பழைய நகருக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். சொந்த வாகனம் என்றால் திரும்பும்போது பொழுதுபட முன்னம் வெலிகந்தை, புனானையைத் தாண்டிவிடுங்கள், யானை ரோட்டுக்கு வரும்.

கேள்வி (காத்தான்குடி): லண்டனிலிருந்து மச்சான் வாறார். டிக்கெட் எங்கே?

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்குக் குளக்கரையோரம் உள்ள மியூசியத்தில் கொடுப்பார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் உள்ளேயும் போங்கள், பழைய கட்டடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று மாதிரி உருவங்கள் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தபின் இடிபாடு வேறு மாதிரித் தெரியும்.

கேள்வி (கல்முனை): அம்மாவுக்கு முழங்கால் நோ, நடக்க ஏலுமா?

ஏலும். பெரும்பாலான இடங்களுக்குக் கிட்ட வாகனம் போகும். குமார பொக்குணை என்ற அரச நீராடும் குளத்துக்கு மட்டும் படி இறங்க வேண்டும் தங்கச்சி, அம்மா மேலே நின்றே பார்க்கலாம். விகாரைப் பக்கம் செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானக் கல் கொதிக்கும், சொக்ஸ் கொண்டுபோங்கள். வெள்ளனவே தொடங்குங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): அதே நாளில் சிகிரியாவும் பார்க்கலாமா?

வேண்டாம். இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.

கேள்வி (ஏறாவூர்): மார்கழி லீவில் போகலாமா?

மழை விட்டிருந்தால் போகலாம். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பாதை தடைப்படும், முதல்நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): அரண்மனை தவிர எதைத் தவறவிடக் கூடாது?

அரண்மனைக்கு எதிரே உள்ள அரசவை மண்டபத்தின் அடித்தளத்தைக் குந்தியிருந்து பாருங்கள். கீழ் வரிசையில் யானைகள், ஒன்றைப்போல் மற்றது இராது, அதற்கு மேல் சிங்கங்கள், அதற்கும் மேல் குள்ள பூதங்கள். அப்புறம் வடக்கே போய் இரண்டாம் சிவாலயம், சோழர் முழுக்கக் கல்லால் கட்டிய வானவன் மாதேவி ஈசுவரம். அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தெரிந்த எழுத்து எத்தனை என்று அவர்களே தேடட்டும்.