ஃபர் சீலைத் தொட்டுப் பார்க்க ஏஜென்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: குடும்பத்தோடு ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குப் போகிறோம். 'அழிந்துவரும் ஃபர் சீல்களுக்கு (கடல் சிங்கத்தைப் போன்ற, ரோமம் அடர்ந்த கடல் விலங்கு) கையால் மீன் ஊட்டலாம், கியாரண்டி' என்று ஏஜென்ட் தனித் தொகை கேட்கிறார். கட்டலாமா? நாங்கள் போவதே அவற்றுக்குக் கெடுதலா?

பதில்: கட்டாதீர்கள். அங்கே எந்தக் காட்டு விலங்குக்கும் தீனி போடக் கூடாது. 2 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது. தடை செய்ததையே விலை பேசுகிறவர் பயணத்தின் மற்ற விஷயங்களில் மட்டும் யோக்கியமாக இருப்பாரா?

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் வெள்ளை மணலில் வரிசையாகப் படுத்திருப்பவை கடல் சிங்கங்கள். அவையும் அழியும் ஆபத்தில் உள்ளவைதான், ஆனால் வேறு இனம். அந்தத் தீவுகளில் உள்ள புவேர்ட்டோ அயோரா ஊரின் மீன் கடையில் வெட்டுகிற பலகைக்குப் பக்கத்திலேயே நின்று துண்டு கேட்கும் அளவுக்கு மனிதர்களோடு பழகியவை. ஃபர் சீல் அப்படியல்ல. உருவத்தில் சிறியது, குட்டை மூக்கு, பெரிய கண், தடித்த ரோமம். வெயில் ஆகாது, பகலில் எரிமலைப் பாறை இடுக்கில் நிழல் தேடிப் படுத்துவிடும், இரவில்தான் கணவாயும் சிறு மீனும் தேடிக் கடலுக்குப் போகும். 'பீச்சில் காட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால் அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தே சொல்கிறார் என்றால் இன்னும் மோசம்.

உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, பாதை விலகாமல் நீங்கள் போவதால் இந்த இனம் அழிந்துவிடாது. 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறையத் துடைத்தே விட்டார்கள். அதிலிருந்து மீண்டதை இப்போது அடிப்பது எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவது. கடல் சூடானால் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவது குறையும், மீனும் குறையும். தாய் இரை தேடி அலையும், பால் வற்றும். 1982–83இல் அந்தப் பருவத்துக் குட்டிகள் அநேகமாக எல்லாமே செத்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்து' என்று எழுதியிருக்கிறது. சரி, எழுதியாயிற்று, அதனால் கடல் குளிர்ந்துவிடுமா? கலாபகோஸ் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தை 2024இல் வெளிநாட்டவருக்கு 200 டாலராக ஏற்றினார்கள். நியாயம்தான், கட்டுங்கள். ஆனால் வெளியூரில் உட்கார்ந்து 'ஊட்டும் பேக்கேஜ்' விற்கிறவரைக் கேட்க எந்த ஆபீஸிலும் ஆள் இல்லை.

அப்புறம், குட்டி தனியாகக் கிடந்தால் அனாதை என்று நினைத்துப் பதறாதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும். திரும்ப ஓரிரு நாள்கூட ஆகலாம். வந்ததும் குரலையும் வாசனையையும் வைத்துத்தான் தன் குட்டியைக் கண்டுபிடிக்கும். அந்த வாசனையோடு உங்கள் சன்ஸ்கிரீன் எதற்கு? ஒரே ஒரு விதிவிலக்கு: கழுத்தில் வலைக்கயிறு, பிளாஸ்டிக் வளையம், வாயில் தூண்டில் முள். அப்போதும் நீங்களாக அவிழ்க்கப் போகக் கூடாது. கடித்தால் உங்களுக்கு ஆபத்து. பயந்து கடலில் குதித்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் பிடிக்க முடியாது. விலகி நின்று, ஃபிளாஷ் போடாமல் படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து வழிகாட்டியிடம் கொடுங்கள். பூங்கா ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருமுகிற, மூக்கொழுகுகிற விலங்கு என்றாலும் இதேதான். வெறும் அழுகைக்கு வேண்டாம். குட்டி என்றால் கத்தத்தான் செய்யும்.

ஏஜென்டிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தீவு, எந்த இடம்? சாண்டியாகோ தீவின் புவேர்ட்டோ எகாஸ் பாறைக் குகைகள் என்றால் பேச்சைத் தொடரலாம். 'எல்லாத் தீவிலும் இருக்கும் சார்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.