ஆர்பிட்டரில் சொந்தக் கலம்: தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

நம்ம பக்கத்து நண்பர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் ஆர்பிட்டர் 2016 என்ற விண்வெளிப் பறப்பு சிமுலேட்டருக்கு (கணினியில் விண்கலம் ஓட்டும் நிரல்). உதாரணக் கலம் சந்திரயான்-3 விக்ரம் அளவில் ஒரு நிலவு இறங்குகலம்: மொத்தம் 1,750 கிலோ, தலா 800 நியூட்டன் தள்ளும் 4 எஞ்சின். அதில் எரிபொருள் 850 கிலோ என்பது கணக்குக்காக நான் வைத்த எண்.

பாலக்கோடு: அண்ணா, சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி தெரியாது. கலம் செய்ய முடியுமா?

முடியும் தம்பி. கான்ஃபிக் போல்டருக்குள் வெசல்ஸ் போல்டரில் ஒரு சிஎஃப்ஜி கோப்பு (அமைப்புகளை எழுதும் உரைக்கோப்பு) போதும். மெஷ் (கலத்தின் முப்பரிமாண வடிவக் கோப்பு) பெயர், எடை, எரிபொருள், உந்துவிசை, இறங்குபுள்ளிகள் எல்லாம் அதிலேயே எழுதலாம். கால் மடங்கணும், கதவு திறக்கணும் என்றால்தான் டிஎல்எல் (சி பிளஸ் பிளஸில் எழுதிக் கட்டும் நிரல் கோப்பு) தேவை. அப்போதும் எஸ்டிகே (ஆர்பிட்டரின் நிரலாளர் கருவித்தொகுப்பு) சாம்பிள்களில் உள்ள ஷட்டில் பிபி என்ற மாதிரிக் கலத்தை நகலெடுத்து மாற்றுவதே நல்ல தொடக்கம். வெற்றுக் கோப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஓசூர்: பட்டறையில் கேட் (கணினி வடிவமைப்பு) வரைபடம் போடுபவன் நான். அதிலிருந்து எஸ்டிஎல் கோப்பு எடுத்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் வழியாகக் கொண்டுவந்தேன். கலம் ஊரையே மறைக்கிறது.

உங்கள் வரைபடம் மில்லிமீட்டரில், ஆர்பிட்டர் மீட்டரில். 2,000 மி.மீ. கலம் 2 கிலோமீட்டர் ஆகிவிட்டது. 0.001-ஆல் சுருக்குங்கள். அடுத்த சிக்கலும் உங்களுக்குத்தான் வரும்: கேட் வரைபடத்தில் ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு முனை வளைவும் நூற்றுக்கணக்கான முக்கோணங்களாக உடையும். மெஷ் குழு (மெஷ்ஷின் ஒரு பகுதி) ஒன்றுக்கு 65,535 முனைப்புள்ளிதான் எல்லை. மரை, போல்ட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு டெக்ஸ்சரில் (மேற்பரப்பில் ஒட்டும் படத்தில்) வரைந்துவிடுங்கள். பத்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஊத்தங்கரை: பிளெண்டரில் சரியாக இருந்த கலம் இங்கே உள்ளும் புறமும் புரண்டு தெரிகிறது.

பிளெண்டர் வலக்கை அச்சு, இசட் மேலே. ஆர்பிட்டர் இடக்கை அச்சு: எக்ஸ் வலம், ஒய் மேல், இசட் முன். ஒய்-யையும் இசட்-டையும் இடம் மாற்றினால் மட்டும் பத்தாது. ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு முனைகளின் வரிசையைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெளி முகம் மறைந்து உள்சுவர்தான் தெரியும். கலத்தில் எழுதிய எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தால் நோய் வேறு: ஏதோ ஓர் அச்சில் குறி மாறியிருக்கிறது.

மெஷ்ஷின் மையப்புள்ளி கலத்தின் எடைமையத்தில் இருக்கணும். ஆர்பிட்டர் அந்தப் புள்ளியையே எடைமையமாக எடுத்துக்கொள்ளும். எஞ்சின் கோடு அதன் வழியாகப் போகாவிட்டால், பற்றவைத்ததும் கலம் குட்டிக்கரணம் அடிக்கும்.

அரூர்: எரிபொருள் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. ஐஎஸ்பி (எஞ்சினின் எரிபொருள் திறன் எண்) 310 என்று சரியாகத்தானே போட்டேன்?

310 வினாடி சரி. ஆனால் ஆர்பிட்டர் கேட்பது வெளியேறும் வேகம், அதாவது மீட்டர்/வினாடி. 310-ஐ 9.81-ஆல் பெருக்கினால் 3,041. அதைப் போடுங்கள். இப்போது உங்கள் கலம் பத்து மடங்கு வேகத்தில் எரிபொருளைக் குடிக்கிறது. கலம் மொத்தம் மாற்றக்கூடிய வேகத்தின் கணக்கு: 3,041 பெருக்கல் மடக்கை (1,750 / 900, அதாவது நிறைந்த எடை / எரிபொருள் தீர்ந்த எடை), சுமார் 2,020 மீ/வி. (இயல் மடக்கை, கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தான்.) 100 கி.மீ. உயரத்தில் நிலவைச் சுற்றும் வேகம் 1,630. மீதியில் பெரும்பங்கு இறங்கும்போது ஈர்ப்பு விசையோடு மல்லுக்கட்டவே போய்விடும். 310 போட்டால் கையில் இருப்பது வெறும் 206 மீ/வி. நிலவில் மோதத்தான் அது போதும்.

எடை கூட்டும் ஆசை இருந்தால் இதையும் பாருங்கள்: நிலவில் 1,750 கிலோவின் எடை 2,835 நியூட்டன். நாலு எஞ்சின் சேர்ந்து 3,200. இடைவெளி அவ்வளவுதான்.

பென்னாகரம்: நிலைமத் திருப்புத்திறன் (சுழற்றும்போது கலம் காட்டும் எதிர்ப்பு) கணக்குப் போட்டு 793 கொடுத்தேன். கலம் திரும்பவே மாட்டேன் என்கிறது.

எடையால் வகுத்த எண்ணைத்தான் ஆர்பிட்டர் கேட்கிறது. அலகு மீட்டர் வர்க்கம். கலத்தை 2 × 1.2 × 2 மீட்டர் பெட்டியாக நினைத்தால், எக்ஸ் அச்சுக்கு (1.44 + 4) / 12 = 0.453, ஒய் அச்சுக்கு (4 + 4) / 12 = 0.667, இசட்டுக்கு மறுபடி 0.453. உங்கள் 793-ஐ 1,750-ஆல் வகுத்தாலும் அதே 0.453 வரும். மூடிய மெஷ்ஷாக இருந்தால் எஸ்டிகே-யில் உள்ள ஷிப்எடிட் என்ற கருவி இதைக் கணக்கிட்டுத் தரும். ஓட்டை இருந்தால் தப்பான எண் வரும். பெட்டிக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு எடுங்கள்.

தேன்கனிக்கோட்டை: தரை தொட்டதும் பந்துபோல் எகிறிப் பறக்கிறது அண்ணா. ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்கினால் நிற்குமா?

கூடாதும்மா, கடினமாக்கியதால்தான் எகிறுகிறது. இறங்கும்போது 1,000 கிலோ மிச்சம் என்றால் நிலவில் எடை 1,620 நியூட்டன். நாலு கால், ஒவ்வொன்றும் 5 செ.மீ. அமுங்கலாம் என்றால், ஸ்பிரிங் எண் 1,620 / (4 × 0.05) = 8,100. ஒரு காலுக்கு 250 கிலோ. அதிர்வடக்கும் எண் 2 × √(8,100 × 250), ஏறக்குறைய 2,850. ஒரு கோடி என்று போட்டால் அந்த ஸ்பிரிங் வினாடிக்கு முப்பது தடவைக்கு மேல் ஆடும். சிமுலேட்டர் காலத்தைத் துண்டு துண்டாக நகர்த்துவது. துண்டுக்குள் ஆட்டம் அடங்காவிட்டால் இல்லாத ஆற்றல் முளைத்துக் கலத்தைத் தூக்கி எறியும். காலத்தை வேகப்படுத்திக்கொண்டு இறங்கினாலும் இதே கதிதான்.

புள்ளிகளின் வரிசையையும் பாருங்கள். முதல் மூன்று முன், இடது, வலது என்று போகணும். இடமும் வலமும் மாறினால் ஆர்பிட்டருக்கு மேல் கீழாகிவிடும், கலம் தலைகீழாக உட்காரும்.

காவேரிப்பட்டணம்: கேபின் கண்ணாடி வழியாக உள்ளே எதுவும் தெரியவில்லை.

கண்ணாடிக் குழுவை மெஷ்ஷில் கடைசிக்குத் தள்ளுங்கள். வரையும் வரிசை அதுதான். டெக்ஸ்சர் டிடிஎஸ் வகைப் படக்கோப்பாக, 1,024 போல இரண்டின் அடுக்கில் இருக்கட்டும். ஒளி ஊடுருவும் பகுதிக்கு டிஎக்ஸ்டி5 வகை.

மத்தூர்: டிஎல்எல் ஏறவே இல்லை.

அநேகமாக 64-பிட்டில் கட்டியிருப்பீர்கள். ஆர்பிட்டர் 2016 ஒரு 32-பிட் நிரல். ஆர்பிட்டர் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

ஓசூர், இன்னொருவர்: ஓசூரிலேயே ஏவுதளம் வைக்கலாமா சார்?

தாராளமாக. பேஸ் (தளம்) கோப்பில் தீர்க்கரேகை முதலில்: 77.83, பிறகு அட்சரேகை 12.74. மாற்றிப் போட்டால் ஏவுதளம் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் கடலில் மிதக்கும். கிழக்கே ஏவினால் பூமி சுழற்சி இலவசமாக 454 மீ/வி தரும். சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டோடு காட்டும் சாய்வு 12.7 பாகைக்குக் குறையாது. நிஜத்தில் முதல் கட்டம் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்க்காரர்கள் தலைக்கு மேல் போகும் என்பதால்தான் இப்படிப்பட்ட தளங்களைக் கடலோரத்தில் வைக்கிறார்கள். சிமுலேட்டரில் அந்தக் கவலை இல்லை.