பத்தாயிரம் அடிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 61 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று கும்பகோணத்தில் இருக்கிறேன். எட்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு வந்த மகள் என் போனில் நடையைக் கணக்கிடும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் 10,000 அடி, ஒருநாளும் தவறவிட்டதில்லை. சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்குப் பார்த்தால் 9,380. ஹாலிலேயே சுற்றிச் சுற்றி நடந்து முடித்தேன். "கீழ் வீட்டுல தூங்க வேண்டாமா?" என்று மனைவி சத்தம் போட்டாள். முழங்காலும் கொஞ்ச நாளாக வலிக்கிறது.

இன்னொரு ஆப்பில், கேமரா மேல் விரலை வைத்தால் பிரஷர் காட்டுகிறது. எப்போதும் 120/80-ஐ ஒட்டித்தான் வருகிறது. அதனால் இரண்டு மாதமாக டாக்டரிடம் போகவில்லை. மாத்திரையைப் பாதியாக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் இந்த ஆப்களை நம்புகிறீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான் மருத்துவன் இல்லை. ஆனால் மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் திக்கென்றது. அதில் கை வைக்காதீர்கள். விரல் வைக்கும் அந்த ஆப்பை இன்றே அழித்துவிடுங்கள்.

அது செய்வது இவ்வளவுதான். ஃபிளாஷ் வெளிச்சம் விரலுக்குள் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரல் நுனியில் ரத்தம் பாயும்போது கேமராவுக்குத் திரும்பும் வெளிச்சம் ஒரு துளி மங்குகிறது. அந்த மங்கலை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். அதுவரை சரி. ரத்தம் குழாயை எவ்வளவு அழுத்துகிறது என்பது வேறு கணக்கு. பிரஷர் மெஷினின் பட்டை கையை இறுக்கிப் பிடித்து மெல்ல விடுவது அதற்காகத்தான். பிரஷர் காட்டும் கைக்கடிகாரங்கள்கூட இருக்கின்றன. அவற்றில் சில, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பட்டை மெஷினோடு ஒப்பிட்டுத் தங்களைத் திருத்தச் சொல்கின்றன.

அமெரிக்காவில் 2014-15இல் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஒரு ஆப் ஒரு லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, உண்மையில் பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேருக்கு அது 'அதிகமில்லை' என்று காட்டியது. 2016இல் அந்நாட்டு வணிக ஆணையம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. உங்களுடையது வேறு ஆப்பாக இருக்கலாம். ஆனால் எப்போதும் 120/80 என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மாடிப்படி ஏறினால், பால்காரரிடம் சண்டை போட்டால், பிரஷர் மாறத்தான் செய்யும். தினமும் நல்ல செய்தியே சொல்கிறவரை நாம் சந்தேகிப்பதில்லை, இல்லையா?

மேல் கையில் கட்டும் பட்டையோடு ஒரு மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் எடுங்கள். ஒரு வாரக் கணக்கைக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். குறிப்பதற்குப் போன் நல்ல நோட்டுப் புத்தகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் அந்தப் பத்தாயிரம். அது எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல், ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. பெயர் 'மன்போ-கெய்'. மன்போ என்றால் பத்தாயிரம் அடி. ஜப்பானிய மொழியில் பத்தாயிரத்துக்கான எழுத்தைப் பார்த்தால் ஒருவர் நடந்துபோவது போல இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர் என்றும் சொல்வார்கள். ஒரு விற்பனைப் பெயருக்காகத்தான் நீங்கள் இரவு பதினொரு மணிக்கு ஹாலைச் சுற்றியிருக்கிறீர்கள்.

2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து, நான்கு வருடத்துக்கு மேல் கவனித்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 வரை மேலும் குறைந்தது, அதற்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. அவர்கள் பெண்கள், உங்களைவிட மூத்தவர்கள், அதனால் அப்படியே உங்களுக்குப் பொருத்த வேண்டாம். ஆனாலும் மீதி 620 அடிக்காக முழங்காலைப் படுத்தியிருக்க வேண்டியதில்லை.

நானும் சளைத்தவனில்லை. சாப்பாட்டைக் கணக்கெழுதும் ஆப் ஒன்றை மூன்று வாரம் வைத்திருந்தேன். வாழைப்பூ பொரியலைத் தேடினால் வரவில்லை. சாம்பார் 'ஒரு கப்' என்றது, எந்தக் கப் என்று சொல்லவில்லை. அடைக்கு எத்தனை கிராம் என்று கேட்டபோது என் மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிஸ்கட் பாக்கெட்டோ, அதன் பார்கோடைக் கேமராவுக்குக் காட்டினால் ஒரே நொடியில் கணக்கு முடிந்துவிடும். மூன்றாவது வாரம் பார்த்தால் நான் மாலையில் பிஸ்கட்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், கணக்கெழுதச் சுலபம் என்பதற்காக. அன்றே ஆப்பைத் தூக்கிவிட்டேன்.

நடை ஆப்பை நீங்கள் தூக்க வேண்டாம். மகள் போட்டுக்கொடுத்தது, அதனால்தான் வெளியே போகிறீர்கள். இலக்கை மட்டும் 7,000-க்கு இறக்கிவையுங்கள், அந்த வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கும். முழங்காலைக் காட்டிவிட்டு வரும்வரை அதுவும் வேண்டாம். எந்த எண்ணாக இருந்தாலும் இரவு ஒன்பதுக்கு மேல் நடக்காதீர்கள், கீழ் வீட்டுக்காரர்கள் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வது சரிதான்.