கண் இமைத் தோல் வறண்டு உரிகிறது, நமைச்சல் தாங்கவில்லை. என்ன செய்வது?

நீங்கள் எழுதியது இது: காரைக்குடியில் வீடு, ஆத்தாவுக்கு 52 வயது. மூன்று வாரமாக இரண்டு மேல் இமையும் சிவந்து, சுருங்கி, செதிலாக உரிகிறது. விளக்கெண்ணெய் தடவியும் கேட்கவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய கிரீம் போட்டால் நான்கு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது.

முதலில் அந்த கிரீம் டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும், காரணத்தைத் தொடாது. அதனால்தான் விட்டதும் கிளம்புகிறது. இமையில் போடுவது கண்ணுக்குள்ளும் கசியும். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், கண்ணின் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். அழுத்தம் ஏறுவது வலியே இல்லாமல் நடக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சில நாள் மட்டும் போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாரக்கணக்கில் போட்டிருந்தால் நிறுத்தியதும் ஒரு தரம் அதிகமாகச் சிவந்து எரியக்கூடும். அதை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்படி நிறுத்துங்கள்.

இனி காரணம். உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எண்ணெய்ச் சுரப்பும் அங்கே குறைவு. கையும் தலையும் தாங்கிக்கொள்கிற பொருளை இமை தாங்காது. அதனால் இமையில் எதைப் போட்டார் என்று மட்டும் தேடினால் காரணம் பெரும்பாலும் அகப்படாது. தலையில் போட்டது, விரலில் பட்டது, காற்றில் வந்தது, இந்த மூன்றையும் தேட வேண்டும்.

இந்த வயதில் நான் முதலில் கேட்பது தலைச்சாயம். பாக்கெட்டில் வரும் கருப்புச் சாயப் பொடியில் பாராபினைலீன்டையமீன் இருக்கும், சுருக்கமாக பிபிடி. ‘ஹெர்பல்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் இருக்கலாம், கருப்பாகப் பிடிக்கும் கோன் மருதாணியிலும் இருக்கலாம். ஒவ்வாமை வந்தவர்கள் பலருக்குத் தலைத் தோலில் லேசான அரிப்போடு நின்றுவிடும், இமைதான் வீங்கி உரியும். பட்ட உடனே வராது, ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்து வரும். அதனால் சந்தேகமே வராமல் போகிறது. ‘பத்து வருஷமாக இதைத்தானே போடுகிறேன்’ என்பதும் பதிலாகாது. பல வருடம் ஒத்துக்கொண்ட பொருள் திடீரென ஒவ்வாமல் போவது சாதாரணம். கடைசியாகச் சாயம் போட்ட தேதியையும் இமை சிவந்த தேதியையும் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

அடுத்தது விரல். நகப்பூச்சு நகத்தில் ஒன்றும் செய்யாது, கண்ணைக் கசக்கும்போது இமையில் படும். மிளகாயும் அப்படித்தான். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், வற்றல் காயப்போட்டு, காம்பு கிள்ளி, மில்லுக்குக் கொடுக்கும் நாட்களில் காரம் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் தங்கிவிடும். மிளகாயின் காரம் எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது. கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு நகக்கண் வரை தேய்த்து, பிறகு சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினால்தான் போகும். ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை வேலை என்றால் சிமெண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சிமெண்டின் சுண்ணாம்பு போன்ற காரத்தன்மை தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையும் தரும். சிமெண்டோ சுண்ணாம்போ கண்ணுக்குள்ளேயே போய்விட்டால் தோலைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

காற்றில் வருவது நம் பக்கம் நிறையவே உண்டு. கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்தால் பழைய தூசி, சுண்ணாம்புப் பொடி, வௌவால் எச்சம் எல்லாம் முகத்தில் இறங்கும். கண்மாய்க் கரை முழுக்க நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தம் கண்ணை அரிக்க வைக்கும். கசக்கக் கசக்க இமைத் தோல் தடித்து வறண்டு போகும். காலி மனையில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம் இன்னும் மோசம். அது என்றால் இமையோடு கழுத்து மடிப்பும் முழங்கை மடிப்பும் சேர்ந்தே அரிக்கும்.

இவை எதுவும் ஒத்துவரவில்லை என்றால் தலையைப் பாருங்கள். பொடுகு இருந்து, இமை மயிரின் அடியில் பிசுக்கான மஞ்சள் செதில் ஒட்டியிருந்தால் அது வேறு தொல்லை. அதற்கு இளஞ்சூட்டு ஒத்தடம் 5 முதல் 10 நிமிடம் கொடுத்து, மயிரடியைத் துடைத்தெடுக்க வேண்டும். பொடுகுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். கண் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறார்களா என்றும் கேளுங்கள். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும், சொட்டு மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியமும் சிலருக்கு ஆகாது.

இப்போது செய்ய வேண்டியது. மூன்று வாரத்துக்கு இமைப் பக்கம் மை, பவுடர், வாசனைக் கிரீம், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆமாம், விளக்கெண்ணெயும்தான், அதுவே ஒவ்வாமல் போகிறவர்கள் உண்டு. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், மஞ்சள் பற்று இவற்றைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது, கிருமி தொற்றும். தலைச்சாயமும் நகப்பூச்சும் நிற்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சீயக்காய் முகத்தில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். முகத்துக்குச் சோப்பு வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் விட்டு முகத்தைக் கழுவலாம்.

நமைச்சல் வந்தால், நைந்த வெள்ளை வேட்டித் துணியைத் துவைத்து நான்காக மடித்து, ஆறிய கொதிநீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 5 நிமிடம் வையுங்கள். ஐஸ் வேண்டாம். எடுத்ததும் துடைக்காமல் ஒற்றி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போட வேண்டும். ஓர் இமைக்கு அரிசியில் பாதி போதும். மோதிர விரல் நுனியில் எடுத்து, இரண்டு விரலுக்கு இடையில் உருக்கி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று வேளை. உரிகிற செதிலைக் கிள்ளக் கூடாது. அடியில் இருப்பது இன்னும் முற்றாத தோல்.

இரண்டு வாரத்தில் தெளியவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீராய்டைச் சில நாளுக்கு மட்டும் தருவார்கள், அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு. டாக்ரோலிமஸ் ஸ்டீராய்டு அல்ல. முதல் சில நாள் எரியும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். காரணம் பிடிபடாவிட்டால், எது ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கும் ‘பேட்ச் டெஸ்ட்’ கேளுங்கள். முதுகில் சிறு பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, அப்போது ஒருமுறையும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது.

கண்ணுக்குள் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், காய்ச்சலோடு இமை வீங்கித் திறக்க முடியாமை, ஒரு பக்க நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பேருந்தில் போகிற தூரம்தான். இமை ஊதா நிறமாகி, கூடவே மாடிப்படி ஏறவும் கையைத் தூக்கித் தலை சீவவும் சிரமம் என்றால் அது தசையையும் தொட்ட நோயாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். ஒரே இடத்தில் ஆறாத புண்ணோ கட்டியோ இருந்து, அங்கே மட்டும் இமை மயிர் கொட்டினால் சதைப் பரிசோதனை தேவைப்படும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த கிரீம் டியூப், சாயப் பாக்கெட், ஷாம்பு, கண் மை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாயப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டிருந்தால், அதே பாக்கெட்டைக் கடையில் பின்பக்கம் படம் எடுத்துக்கொண்டால் போதும்.